ஷெஃபீல்டிலிருந்து மாயாபுரி வரை

டெல்லி மாயாபுரிக் காயலான் கடைகளில் எல்லாமே எடைக்குத்தான் விலை. எஞ்சினும் அச்சும் கியர்பாக்ஸும் ஒரே எண்ணெய்க் கறுப்பில் குவிந்து கிடக்கும். அதில் பின்பக்கம் தடித்து, பக்கவாட்டில் சிறிய உருளை ஒட்டிய கியர்பாக்ஸ் கண்ணில் பட்டால் தராசில் ஏற்ற விடாதீர்கள். பின்னால் தடித்திருப்பது, அதே வேகத்துக்கு எஞ்சின் சுற்றைக் குறைக்கும் லேகாக் ஓவர்டிரைவாக இருக்கலாம். அந்த உருளைதான் அதை மின்சாரத்தால் இயக்கும் சோலினாய்டு.

கேப்டன் எட்கர் டி நார்மன்வில் வகுத்த பொறி அது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் லேகாக் நிறுவனம் செய்தது. ஸ்டாண்டர்டு வான்கார்டு காரில் பேர் பெற்றது. அந்த வான்கார்டைச் சென்னையில் பூட்டி விற்றது, 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. நமக்கு ஹெரால்டு கார் தந்த அதே கம்பெனி. வான்கார்டின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் திருத்தி அமைத்துத்தான் டிரையம்ஃப் டிஆர்2 என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. 1953 மே மாதம் பெல்ஜியத்தின் ஜாபெக் சாலையில், ஓவர்டிரைவ் போட்டு, மணிக்கு 200 கிலோமீட்டரை அது தாண்டியது.

உள்ளே இருப்பது சூரியப் பல்சக்கரமும் அதைச் சுற்றும் கோள் சக்கரங்களும். சுவிட்சைத் தட்டினால் எண்ணெய் அழுத்தம் கூம்பு வடிவக் கிளச்சை இழுத்துச் சூரியச் சக்கரத்தை நிறுத்திவிடும். வெளி வளையம் வேகமெடுக்கும். 3000 சுற்றில் எஞ்சின் கதற வேண்டிய வேகத்துக்கு 2460 சுற்றே போதும். கிளச்சு மிதிக்கத் தேவையில்லை. கணினி வாடையே படாத காலத்து இந்த வேலைப்பாட்டை நான் இன்றும் வியக்கிறேன்.

டெல்லிக்கு இந்த ஓவர்டிரைவ் வந்த வழிகளில் ஒன்று, தூதரகங்கள் நிறைந்த சாணக்யபுரி. இறக்குமதிக்குக் கெடுபிடி நிலவிய காலத்தில் தூதரகத்தார் கொண்டுவந்த கார்கள், அவர்கள் ஊர் திரும்பும்போது ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலம் விற்கப்பட்டன. பிறகு உதிரிபாகம் கிடைக்காமல் உள்ளூர்ச் சரக்கு ஏறியது. அசல் பாகம் காயலான் கடைக்காரரிடம் போனது.

காரும் ஆவணமும் தொலைந்துபோன பாகத்துக்கு அதன் தகடுதான் சாட்சி. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். முதல் எண் 22 என்றால் வெளியே வரும் சுழற்சி 22 விழுக்காடு கூடும். டிரையம்ஃப் டிஆர் வரிசையின் ஏ வகைக்கு அதுதான். ஆஸ்டின் ஹீலி 100-இல் 28, 32 என்றும் உண்டு. அடுத்த எண் எந்தக் காருக்கான அமைப்பு என்பதைச் சொல்லும். கடைசியில் வரிசை எண். 1970களில் வந்த ஜே வகையில் சோலினாய்டு உடலுக்குள்ளேயே திருகியிருக்கும். எம்ஜிபி காரின் எல்ஹெச் வகையில் ஓவர்டிரைவின் லேபிள் நிறத்தைக் கவனிக்க வேண்டும்: கறுப்புக்கும் நீலத்துக்கும் ஸ்பீடோமீட்டர் பற்சக்கர விகிதம் வேறு, மாற்றி வைத்தால் முள் தப்பாகக் காட்டும்.

2021-இல் வந்த மத்திய விதி, 50 வயது கடந்து அசல் வடிவம் மாறாத வண்டிக்குத்தான் 'விஏ' எழுத்துள்ள பதிவெண் தருகிறது. அதனால் இந்த அடையாளம் காணும் வேலைக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது.

ஓவர்டிரைவை மட்டும் கழற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் சம்மதிக்க வேண்டாம். அதனுள் நுழையும் கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்டே வேறு. சாதாரணக் கியர்பாக்ஸின் ஷாஃப்ட் பொருந்தாது. நடுவிலுள்ள இணைப்புத் தகடு உட்பட முழுசாக வாங்க வேண்டும்.