பராமரிப்பவரின் சுமையை அளப்பது எப்படி?

மறதிநோய் கண்ட முதியோரைச் சந்திக்க வீடுகளுக்குச் செல்லும்போது, "அப்பா எப்படி இருக்கிறார்?" என்றுதான் நாம் கேட்கிறோம். அவரைக் கவனித்துக்கொள்ளும் மகளையோ மருமகளையோ நலம் விசாரிப்பது அரிது. விசாரித்தாலும், "பரவாயில்லை, ஃபாதர்" என்பதே பதில். பெற்றோரைக் கவனிப்பதைச் சுமை என்று சொல்வதே பாவம் என எண்ணிப் பலர் வாய் திறப்பதில்லை. ஆனால் அந்தச் சுமையை அளந்து பார்க்க மருத்துவ உலகில் ஓர் அளவுகோலே உண்டு.

ஜாரிட் அளவுகோல்

1980-இல் அமெரிக்க உளவியல் அறிஞர் ஸ்டீவன் ஜாரிட், வேறு இருவருடன் சேர்ந்து 29 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். பின்னர் அது 22 கேள்விகளாகக் குறைக்கப்பட்டது. தனக்கென நேரம் கிடைக்கிறதா, உடல்நலம் கெட்டுள்ளதா, பணம் போதுகிறதா, கோபம் வருகிறதா, வருங்காலத்தை எண்ணி அச்சமா, இன்னும் நன்றாகக் கவனிக்கலாமே என்ற உறுத்தல் உண்டா என்றெல்லாம் அதில் கேட்கப்படுகிறது.

ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒருபோதும் இல்லை' என்றால் 0. 'ஏறக்குறைய எப்போதும்' என்றால் 4. உச்ச மதிப்பெண் 88. பொதுவாக 20 வரை சுமை குறைவு, 21 முதல் 40 வரை லேசானது முதல் மிதம், 41 முதல் 60 வரை மிதம் முதல் கடுமை, 61 முதல் 88 வரை கடுமை எனக் கொள்வர். 2001-இல் 12 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் வந்தது. 1998-இல் கொச்சியில் உருவான '10/66' மறதிநோய் ஆய்வுக் குழு, சென்னையிலும் வேலூரிலும் நடத்திய ஆய்வுகளில் இந்த அளவுகோலைக் கையாண்டது.

மதிப்பெண் சொல்வதும் சொல்லாததும்

இந்த எண் அன்பின் அளவு அல்ல. அதிக மதிப்பெண் பெற்றவர் குறைவாக நேசிக்கிறார் என்று பொருள் கொள்ளக்கூடாது. இது மனச்சோர்வைக் கண்டறியும் பரிசோதனையும் அல்ல. அதற்கு மருத்துவரைத்தான் நாட வேண்டும். மாமியார் முன்னிலையில் மருமகள் உண்மையைச் சொல்லமாட்டார். எனவே தனியாகக் கேட்பதே முறை. சில மாதங்கள் கழித்து மீண்டும் கேட்டால் சுமை ஏறியதா இறங்கியதா எனத் தெரியும்.

முதல் ஆய்வு கண்டது

நோய் முற்ற முற்றச் சுமையும் கூடும் என்றே நாம் நினைப்போம். 1980-இல் 29 பராமரிப்பாளர்களிடம் நடந்த ஆய்வில் அப்படித் தெரியவில்லை. மற்ற உறவினர்கள் அடிக்கடி வந்து பார்த்த இடங்களில்தான் சுமை குறைந்திருந்தது. அது சிறிய ஆய்வு. நோயாளியின் நடத்தை மாற்றங்களும் சுமையைக் கூட்டுகின்றன எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும் உறவினர் துணை பற்றிய அந்தக் கண்டுபிடிப்பு நமக்கானது.

தந்தையின் அறிவு மங்கினாலும் பொறுமையோடு இருக்கும்படி சீராக்கின் ஞானநூல் 3-ஆம் அதிகாரம் பிள்ளைகளைக் கேட்டுக்கொள்கிறது. அந்தப் பொறுமை முழுவதையும் ஒரே மகளின் தலையில் ஏற்றிவிட்டு, மற்றவர்கள் தொலைபேசியில் ஆலோசனை சொல்வது நம் குடும்பங்களில் நடக்கிறது. வாரத்தில் ஒரு நாள் அண்ணனோ தங்கையோ வந்து இரண்டு மணி நேரம் உடனிருந்தால், அவர் திருப்பலிக்கோ மருத்துவரிடமோ போய்வரலாம். சற்றுத் தூங்கவாவது செய்யலாம்.

அடுத்த முறை அந்த வீட்டுக்குச் செல்லும்போது இருவரின் நலத்தையும் விசாரிப்போம். விசாரித்தவுடன் எழுந்துவிடாமல், சற்று நேரம் அமர்வோம்.