தலைவர் போனார், தைரியம் போகவில்லை



துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கணும். அந்தக் காலத் தோட்டத்து வழக்கம் அது. 1941-இல் கிள்ளான் வட்டாரப் பால்மரத் தொழிலாளர்கள் இதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம், கள்ளுக்கடை மூடல் இவற்றையும் கேட்டார்கள். வழிநடத்தியவர் ஆர்.எச்.நாதன்.

மே மாதம் அவரைக் கைது செய்து, பின்பு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். தலை போனா கூட்டம் கலைஞ்சிடும் என்பார்களே, இங்கே கலையவில்லை. அவரை விடுதலை செய்யச் சொல்லிப் போராட்டம் பரவியது. ராணுவம் வந்தது, தொழிலாளர் சிலர் உயிரிழந்தார்கள். போராட்டம் அடங்கினாலும் ஒற்றுமையின் பாடம் மறையவில்லை. 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தது.

நாளை மண்டோராக, மேலாளராக வரப்போகும் பிள்ளைகளே! உங்கள் துணிவை உடன் உழைப்பவர்க்கும் பழக்குங்கள். நீங்கள் இல்லாத நாளிலும் அது நிமிர்ந்து நிற்கும்.