1,000 பேர் வந்தும் 15 ஆர்டர்தானா? வெப்சைட்டில் வாடிக்கையாளர் நழுவுவது எங்கே? எளிய விளக்கம்

விளம்பரம் கொடுத்தாச்சு, வெப்சைட்டுக்கு ஆட்களும் வருகிறார்கள். ஆனால் ஆர்டர் மட்டும் வரவில்லை. ஆன்லைனில் பொருள் விற்கும் பலரின் புலம்பல் இதுதான். உடனே விளம்பரச் செலவைக் கூட்டுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். அந்த ஓட்டை எங்கே என்று காட்டுவதுதான் வெப் அனலிட்டிக்ஸ். அதைப் பயன்படுத்துவது எப்படி? பார்க்கலாம்.

கன்வர்ஷன் ஃபனல் என்றால் என்ன?

ஃபனல் என்றால் புனல். மேலே அகலம், கீழே குறுகல். வெப்சைட்டுக்கு வருபவர் பொருளைப் பார்க்கிறார், கார்ட்டில் போடுகிறார், முகவரி கொடுக்கிறார், பணம் கட்டுகிறார். ஒவ்வொரு படியிலும் சிலர் கழன்றுகொள்வார்கள். வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் வாங்கினார்கள் என்பதுதான் கன்வர்ஷன் ரேட்.

சேலை விற்கும் ஒரு வெப்சைட்டின் கணக்கு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

* வந்தவர்கள் - 1,000
* சேலையைத் திறந்து பார்த்தவர்கள் - 400
* கார்ட்டில் போட்டவர்கள் - 100
* செக்அவுட்டுக்குப் போனவர்கள் - 60
* பணம் கட்டியவர்கள் - 15

இங்கே கன்வர்ஷன் ரேட் 1.5 சதவீதம்.

எந்த ஓட்டையை முதலில் அடைப்பது?

முதல் படியிலேயே 600 பேர் போய்விட்டார்கள் என்று பதற வேண்டாம். அவர்களில் பலர் சும்மா எட்டிப் பார்க்க வந்தவர்களாக இருக்கலாம். கடைசிப் படியைப் பாருங்கள். வாங்கும் எண்ணத்தோடு செக்அவுட் வரை வந்த 60 பேரில் 45 பேர் திரும்பிவிட்டார்கள். அதில் 15 பேரைத் தக்கவைத்தாலே ஆர்டர் இரண்டு மடங்கு. இதே 30 ஆர்டரை விளம்பரத்தால் மட்டும் கொண்டுவர வேண்டுமென்றால், 2,000 பேரை வரவழைக்க வேண்டும்.

அடுத்து, அந்த 60 பேரைப் பிரித்துப் பாருங்கள். மொபைலில் வந்த 50 பேரில் 8 பேரும், லேப்டாப்பில் வந்த 10 பேரில் 7 பேரும் பணம் கட்டியிருந்தால், சிக்கல் சேலையிலோ விலையிலோ இருக்க வாய்ப்பு குறைவு. மொபைல் பக்கத்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

கூகுள் அனலிட்டிக்ஸில் எங்கே பார்ப்பது?

'எக்ஸ்ப்ளோர்' பகுதியில் உள்ள 'ஃபனல் எக்ஸ்ப்ளோரேஷன்' இந்தப் படிகளை வரைபடமாகக் காட்டும். ஆனால் சில விஷயங்களில் கவனம் தேவை.

* கார்ட்டில் போட்டது, பணம் கட்டியது போன்ற தகவல்கள் தானாகப் பதிவாகாது. வெப்சைட் அவற்றை அனுப்பும்படி தனியாக அமைக்க வேண்டும்.
* 'க்ளோஸ்டு ஃபனல்' முதல் படியில் நுழைந்தவர்களை மட்டுமே எண்ணும். முதல் படி ஹோம் பேஜ் என்றால், வாட்ஸ்அப் லிங்க் வழியாக நேரடியாகச் சேலைப் பக்கத்துக்கு வந்து வாங்கியவர் கணக்கில் வரமாட்டார். அவரையும் சேர்க்க 'ஓபன் ஃபனல்' தேவை.
* யுபிஐ ஆப்பில் பணம் கட்டிவிட்டு, வெப்சைட்டுக்குத் திரும்பாமலே போகிறவர்கள் உண்டு. 'நன்றி' பக்கத்தை வைத்து ஆர்டரை எண்ணினால் இவர்கள் விடுபட்டுப்போவார்கள். அதனால் ஆர்டர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

ஏன் போனார்கள் என்று எண்கள் சொல்லுமா?

சொல்லாது. எங்கே போனார்கள் என்பது வரைதான் அனலிட்டிக்ஸ். ஏன் என்பதை மனிதர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். இதற்குப் பிரபலமான உதாரணம், அமெரிக்க நிபுணர் ஜாரெட் ஸ்பூல் 2009-ல் எழுதிய '300 மில்லியன் டாலர் பட்டன்' கட்டுரை.

ஒரு பெரிய ஷாப்பிங் வெப்சைட்டில், கார்ட்டை நிரப்பியவர்களிடம் 'லாக்இன் செய்யுங்கள் அல்லது ரெஜிஸ்டர் செய்யுங்கள்' என்று ஒரு படிவம் குறுக்கே நின்றது. வாடிக்கையாளர்கள் வாங்குவதைப் பக்கத்தில் இருந்து கவனித்தபோதுதான் விஷயம் புரிந்தது. புதியவர்கள் 'வாங்கத்தானே வந்தோம், ரெஜிஸ்டர் எதற்கு?' என்று எரிச்சலானார்கள். பழையவர்களில் பலருக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் இல்லை. பிறகு தரவுகளைத் தோண்டினால், பாஸ்வேர்டு கேட்டு மட்டும் ஒரு நாளைக்கு 1,60,000 கோரிக்கைகள். அப்படிக் கேட்டவர்களில் 75 சதவீதம் பேர் வாங்காமலே போயிருந்தார்கள்.

'ரெஜிஸ்டர்' பட்டனை எடுத்துவிட்டு 'தொடரவும்' என்று மாற்றினார்கள். கணக்கு தொடங்குவது கட்டாயமில்லை என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்கள். வாங்குபவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் 300 மில்லியன் டாலர் கூடுதல் விற்பனை என்கிறார் ஸ்பூல்.

செய்யக்கூடாதது என்ன?

சதவீதத்தைக் கூட்ட ஏமாற்று வேலை கூடாது. கேட்காத பொருளைக் கார்ட்டில் நுழைப்பது, கடைசி நிமிடத்தில் கட்டணத்தைக் காட்டுவது, 'இன்னும் ஒன்றுதான் பாக்கி' என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஆகியவை 'டார்க் பேட்டர்ன்' எனப்படும். இவை உட்பட 13 வகைகளை, 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்துள்ளது.

எங்கே தொடங்குவது?

உங்கள் வெப்சைட்டில், உங்கள் மொபைலிலேயே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். வீட்டில் உள்ள ஒருவரிடமும் கொடுத்து, சொல்லிக்கொடுக்காமல் கவனியுங்கள். டெலிவரி கட்டணம் கடைசியில்தான் தெரிகிறதா? ஓடிபி பார்க்கப் போய்வருவதற்குள் பக்கம் மறைந்துவிடுகிறதா? கண்ணில் படும் குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். அதேபோல 15 ஆர்டர் 18 ஆனதும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அது தற்செயலாகவும் இருக்கலாம். சில வாரக் கணக்கை வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் உண்மையா என்பது தெரியும்.