துவக்கும் உடைமையும்: றக்வானத் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய மூலத்தினின்று பிறந்து பல மொழிகளினூடாகத் தமிழை வந்தடைந்தது. ஈழத்தில் அதனைத் துவக்கு என்போம். சிங்களத்தில் அது துவக்குவ ஆகும். இரு மொழியினரும் சொல்லைப் பகிர்ந்துகொண்டனர். ஆயின் அச்சொல் சுட்டும் பொருளை எல்லோரும் ஒரே வகையிற் பெற்றாரல்லர். ஒரு முறை மட்டுமே சுடவல்ல வேட்டைத் துவக்கை வாங்கியவர் யார், சுமந்தவர் யார், அதற்கு வரி செலுத்தியவர் யார் என்ற வினாக்களை எழுப்பின், பெருந்தோட்ட அமைப்பின் வர்க்க உறவுகள் தெளிவுறும். றக்வானத் தோட்டப்புறத்தை மனத்திற் கொண்டு, அதனை உள்ளடக்கிய மலையகம் முழுவதற்குமான சான்றுகளை ஈண்டு நோக்குவோம்.

சிங்கராஜ வனத்தின் கிழக்கே உயரும் றக்வான மலைத்தொடர் ஒரு காலத்தில் யானைகளின் வாழிடமாயிருந்தது. 1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்ததும் சபரகமுவ ஆங்கிலேயர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காடுகளையும் சேனை நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொள்ள வழிவகுத்தது. கோப்பியும் பின்னர் தேயிலையும் எழுந்தது இவ்வாறு கைமாறிய நிலத்திலேயாம். காட்டை அழிப்பதும் யானையைக் கொல்வதும் ஒரே பொருளாதார நடவடிக்கையின் இரு கூறுகளாயின. யானையொன்றுக்குச் சில சிலிங் வீதம் அரசு வெகுமதி வழங்கியது. வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், 3500 யானைகளுக்கும், 1851-1856 காலத்தில் தென் மாகாணத்தில் 2000 யானைகளுக்கும் அது கோரிப் பெறப்பட்டதென எமர்சன் டெனன்ற் பதிவுசெய்துள்ளார். 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸ் 1400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றவரெனக் கூறப்படுகிறார். அவர் பதுளையில் அரச நிருவாகியாகவும் விளங்கினார். வேட்டையும் ஆட்சியும் ஒரே கையில் இருந்தமைக்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

இனி, கருவியை நோக்குவோம். 1848இல் நுவரெலியாவிற் குடியேற்றப் பண்ணை நிறுவிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பாரைக் கொண்டு 1840இல் தமக்கென ஒரு துவக்கைச் செய்வித்திருந்தார். அதன் குழல் ஒன்றே. எடை 21 இறாத்தல். 3 அவுன்ஸ் உருண்டைக் குண்டையோ 4 அவுன்ஸ் கூம்புக் குண்டையோ அது செலுத்தும். ஒரு வெடிக்கு ஏறத்தாழ ஓர் அவுன்ஸ் மருந்து வேண்டும். இந்தியாவில் யானை மீதமர்ந்து புலி வேட்டையாடிய ஆங்கிலேயர், பாயும் புலியை மிக அண்மையிற் சுடுவதற்கெனப் பெருங்குழற் கைத்துப்பாக்கி வைத்திருந்தனர். புலியில்லாத இலங்கையில் யானை வேட்டை பெரும்பாலும் கால்நடையாகவே நிகழ்ந்தது. ஆதலின் இத்தகைய நெடுந் துவக்கே இங்கு வேண்டப்பட்டது.

ஒற்றை வெடித் துவக்கின் இயல்பே ஒரு சமூக உறவை வேண்டி நிற்கின்றது. வாய்வழி மருந்திட்டுக் குண்டை இடித்திறக்கி மீண்டும் சுடுவதற்குள் காயமுற்ற யானை நெருங்கிவிடும். எனவே மருந்திட்ட வேறு துவக்குகளை ஏந்திய ஆட்கள் பின்னே நிற்றல் இன்றியமையாததாயிற்று. தனிமனித வீரம் எனப் போற்றப்பட்டது உண்மையிற் பிறர் உழைப்பின் மீது நின்ற வீரமேயாம். ஆங்கில வேட்டை இலக்கியத்தில் சுட்டவனே கதைசொல்லியாவான். சுமந்தவன் எழுதிய வேட்டை நூலெதனையும் நாம் காணோம்.

மறுபுறத்தே, கண்டிக் குடியானவனுக்குத் துவக்கு விளையாட்டுப் பொருளன்று. பன்றியிடமிருந்து சேனைப் பயிரைக் காக்கும் உற்பத்திக் கருவி அது. 1848இல் ஆள்பதி டொரிங்டன் துவக்கொன்றுக்கு ஆண்டுக்கு 2 சிலிங் 6 பென்ஸ் வரி விதித்தபோது, அச்சுமை இவன் தலையிலேயே விழுந்தது. நாய் வரியும் வீதி வரியும் உடன் வந்தன. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் வெடித்த கிளர்ச்சிக்கு இவ்வரிகள் மாத்திரம் காரணமல்ல எனினும், உடனடித் தூண்டுதலாக அமைந்தவற்றுள் இவை முக்கியமானவை. யானையைக் கொல்பவருக்கு வெகுமதி வழங்கிய அரசு, பயிரைக் காப்பவனிடம் வரி கேட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் துவக்கினை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தியது. பணமும் செல்வாக்கும் உடையோர் சட்டவழி வாங்கினர். இல்லாதோர் நாட்டுப்புறக் கொல்லனை நாடினர். 'கல்கட்டஸ்' எனப்படும் உள்ளூர்க் கைத்துவக்கு அவ்வழி வந்ததே. 1971 ஏப்ரில் கிளர்ச்சியில் இளைஞர் ஏந்திய ஆயுதங்களுள் அதுவும் ஒன்று. கேகாலை அக்கிளர்ச்சியின் வலுவான களங்களுள் ஒன்றாயிருந்தது. இன்னொரு வடிவம் கட்டுத்துவக்கு. விலங்கு செல்லும் தடத்தின் குறுக்கே கயிறோ கம்பியோ இழுத்துக் கட்டப்படும்; அதனைத் தட்டியதும் துவக்கு வெடிக்கும். துரையின் துவக்குக்குப் பின்னே கூலி பெற்ற ஆள் நின்றான். ஏழையின் துவக்குக்குப் பின்னே எவரும் நிற்பதில்லை. இரவு முழுதும் காவலிருந்தால் மறுநாள் வேலை கெடும். ஆளுக்குப் பதிலாகக் கயிறு வேலைசெய்கிறது. ஆனால் கயிற்றுக்கு விலங்கும் மனிதனும் வேறல்ல. விறகுக்கும் புல்லுக்கும் காட்டோரம் செல்பவரின் காலே அவ்வெடிக்கு இரையாகின்றது.

தோட்டத் தமிழ்த் தொழிலாளி இவ்வரலாற்றில் எங்கே நிற்கிறான்? காட்டை வெட்டியவன் அவன். லயத்தில் வாழ்ந்தவன் அவன். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1981 ஆகஸ்டில் றக்வான உள்ளிட்ட இரத்தினபுரி மாவட்டப் பகுதிகளில் வன்செயல் மூண்டபோது, தோட்ட மக்கள் காப்பார் இன்றி ஓடினர். அண்டைக் கிராமத்தவனின் முன்னோர் நிலமிழந்ததும் இவனது முன்னோர் அந்நிலத்திற் கூலியானதும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள். இவ்வுண்மை இருவருக்கும் மறைக்கப்பட்டமையே அவ்வவலத்தின் வேராகும்.

சிங்கராஜ-றக்வானக் காட்டில் இன்று எஞ்சியிருப்பன ஓரிரு யானைகளே. துரைமாரின் பெருந்துவக்குகள் காட்சிப் பொருள்களாகிவிட்டன. கட்டுத்துவக்கோ இன்னும் புதருள் இருக்கின்றது. அதனைக் குற்றமாக மட்டும் நோக்கின் தண்டம் பெருகுமேயன்றித் துவக்குக் குறையாது. நிலமும் பயிர்க்காப்பும் வாழ்வூதியமும் இல்லாதவன் கயிற்றை நம்புவதற்கான காரணங்களை அகற்றுதலே சமூகத்தின் கடனாகும்.