தொண்டரா, தொழிலாளியா? - அங்கன்வாடி ஊழியரின் சட்ட வரலாறு

ஆறு வயதுப் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருபவர் ஆசிரியர். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அப்படியானால் நான்கு வயதுப் பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லி, சோறூட்டி, எடை பார்த்து, தடுப்பூசிக்கு அழைத்துப் போகிறவர் யார்? இந்தியச் சட்டம் இதற்கு நீண்ட காலம் சொல்லி வந்த பதில்: 'தொண்டர்'. தொண்டருக்குச் சம்பளம் கிடையாது, மதிப்பூதியம்தான். இந்த ஒரே ஒரு சொல்லைச் சுற்றி ஐம்பது ஆண்டு வரலாறு இருக்கிறது.

திட்டம் பிறந்த கதை

1974ல் மத்திய அரசு குழந்தைகளுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு, 1975 அக்டோபர் 2 அன்று, ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் சோதனை முறையில் தொடங்கியது. அதன் மையங்களுக்கு 'அங்கன்வாடி' என்று பெயர். வடமொழியிலும் இந்தியிலும் 'அங்கன்' என்றால் வீட்டு முற்றம்.

ஊட்டச்சத்து உணவு, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்குச் சுகாதாரக் கல்வி, முன்பருவக் கல்வி என ஆறு சேவைகள். இந்த ஆறும் ஒரு பெண்ணின் தோளில்! துணைக்கு ஓர் உதவியாளர். பத்தாம் வகுப்பு முடித்த ஊழியருக்கு ஆரம்பத்தில் மாதம் 150 ரூபாய், முடிக்காதவருக்கு 100 ரூபாய் மதிப்பூதியம். உள்ளூர்ப் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் சமூகத் தொண்டு என்பதே அன்றைய எண்ணம். மையங்கள் பல லட்சம் ஆன பிறகும் அந்த எண்ணம் மட்டும் மாறவில்லை.

ஆசிரியருக்கும் அதே கதைதான்

இது அங்கன்வாடிக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்தால் தவறு. படித்துப் பட்டம் பெற்ற ஆசிரியர்களும் இதே சுவரில் முட்டியவர்கள்தான்.

கல்வி ஒரு 'தொழில்' ஆகாது என்று 1963ல் டில்லிப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1978ல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைப் புரட்டிப் போட்டார். கல்வி நிலையமும் தொழில்தான் என்றார். ஆசிரியர்கள் மகிழ்ந்திருப்பார்கள். ஆனால் 1988ல் சுந்தராம்பாள் வழக்கில் ஒரு விசித்திரம் நடந்தது. பள்ளி ஒரு தொழில் நிலையம்தான், ஆனால் ஆசிரியர் அதில் 'தொழிலாளி' அல்ல என்று தீர்ப்பு வந்தது. கற்பித்தல் உன்னதமான பணி என்பது அதற்கான காரணங்களில் ஒன்று. உன்னதம் என்று புகழ்ந்தே உரிமையை மறுப்பது எவ்வளவு எளிது பாருங்கள்!

2004ல் பணிக்கொடைக்கும் அதே கதி. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஆசிரியர் 'ஊழியர்' என்ற விளக்கத்துக்குள் வரமாட்டார் என்றது உச்ச நீதிமன்றம். 2009ல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி ஆசிரியர்களை உள்ளே சேர்த்தது. ஆசிரியர்களுக்குச் சங்கங்கள் இருந்தன, குரல் இருந்தது. 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வந்து, அவர்களின் பயிற்சிக்கும் தகுதிக்கும் விதிகள் வகுத்தது. அங்கன்வாடி ஊழியருக்கு?

ஆறு வயதில் போட்ட கோடு

2002ல் வந்த 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. ஆறு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கோ, அரசு 'முயல வேண்டும்' என்ற நெறிமுறை மட்டும்தான். குழந்தைக்குப் போட்ட அந்தக் கோடு, அவர்களைப் பார்த்துக் கொள்பவர்களையும் பிரித்து வைத்தது.

2006 டிசம்பரில் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடி ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்றது. பதவி ஒரு திட்டத்தின் கீழ் வந்தது, சட்டத்தின் கீழ் வந்தது அல்ல என்பது முக்கியமான காரணம். அதே மாதம் 13ஆம் தேதி, உணவு உரிமை வழக்கில் அதே நீதிமன்றம், 2008க்குள் நாடு முழுதும் 14 லட்சம் மையங்கள் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மையம் கட்டாயம், அதை நடத்துபவர் மட்டும் தொண்டர்!

2022ல் திரும்பிய காற்று

குஜராத்தில் ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பெண்கள் பணிக்கொடை கேட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர்கள் பக்கம் நின்றார், இரு நீதிபதிகள் அமர்வு மறுத்தது. வழக்கு டில்லி போனது. 2022 ஏப்ரல் 25 அன்று நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் ஓகா இருவரும் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தார்கள்.

அமீர்பி தீர்ப்பு என்னவாயிற்று? இடையில் இரண்டு சட்டங்கள் வந்திருந்தன. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு முன்பருவக் கல்வியைப் பேசுகிறது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் அங்கன்வாடி வழியாக உணவு தரச் சொல்கிறது. ஆக, மையம் வெறும் திட்டமாக இருந்த காலம் போய், சட்டக் கடமையைச் செய்யும் இடமாகிவிட்டது. அங்கே முழுநேர வேலை செய்பவருக்குத் தரும் மதிப்பூதியமும் ஊதியமே என்றது நீதிமன்றம்.

இதன் பொருள் என்ன? பணிக்கொடைக் கணக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம். கடைசியாக மாதம் 7,800 ரூபாய் வாங்கியவர் 20 ஆண்டு வேலை செய்திருந்தால், 7,800ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் 4,500. இருபது ஆண்டுக்கு 90,000 ரூபாய். பெரிய தொகை அல்ல. ஆனால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

இன்னும் மீதி

2018 அக்டோபர் முதல் மத்திய அரசின் கணக்கில் ஊழியருக்கு மதிப்பூதியம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதற்கு மேல் மாநிலங்கள் சேர்ப்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. பரிந்துரைக்குச் சட்ட வலு கிடையாது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஊழியருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், மற்றவர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சியும் என்கிறது. பயிற்சி நல்லதுதான். தகுதியை ஆசிரியர் அளவுக்கு உயர்த்திக் கேட்கும்போது, நிலையையும் ஊதியத்தையும் உயர்த்த வேண்டாமா?

ஆசிரியரை 'ஊழியர்' என்று சட்டம் ஏற்க 2009 வரை ஆனது. அங்கன்வாடிப் பெண்ணுக்கு 2022 வரை ஆனது, அதுவும் பணிக்கொடைக்கு மட்டும். குழந்தையின் வயது குறையக் குறைய, அதைப் பார்த்துக் கொள்பவரின் மதிப்பும் ஏன் குறைய வேண்டும்? அடித்தளம் போடுகிறவருக்குக் கூலி குறைவு என்று எந்தக் கொத்தனாரிடமும் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.