முட்டிக்கொள்ளாத கார்கள்

பக்கத்துக் காரை இடிக்க முடியாது, இன்ஜினை மாற்ற முடியாது, எல்லாருக்கும் ஒரே வண்டி. இப்படி ஒரு கார் பந்தயம் என்று சொன்னால் யார் விளையாட வருவார்கள்? எங்கள் ஹாஸ்டலிலும் முதலில் ஒருவரும் சீண்டவில்லை. நீட் ஃபார் ஸ்பீடு ஓடுகிற கம்ப்யூட்டர் விங்குக்கு ஒன்றுதான் தேறும். அதில் இடம் கிடைக்காத நாங்கள் வேறு வழியில்லாமல் ட்ராக்மேனியா பக்கம் ஒதுங்கினோம். காசு கிடையாது, ஓட்டைப் பெட்டியிலும் ஓடும்.

இதைச் செய்தது நாடியோ என்ற பிரெஞ்சு நிறுவனம். 2000-இல் தொடங்கி, முதலில் பாய்மரப் படகுப் போட்டி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தவர்கள். 2003-இல் முதல் ட்ராக்மேனியா வந்தது. ரயில் பொம்மைத் தண்டவாளம் மாதிரி துண்டு துண்டாக அடுக்கிச் சாலை போடலாம், பிறகு அதிலேயே ஓட்டலாம். அந்தரத்தில் வளையம், நட்டநடுவில் பள்ளம், எதை வேண்டுமானாலும் வைக்கலாம். பாரிஸில் நடந்த எலக்ட்ரானிக் ஸ்போர்ட்ஸ் வேர்ல்டு கப்பை ஒட்டி 2006-இல் 'நேஷன்ஸ்' என்ற பதிப்பை இலவசமாகவே விட்டார்கள். கையில் இருந்த மற்ற நிலக்காட்சிகளை எல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு ஸ்டேடியம், ஒரே ஒரு கார். விளையாட்டைப் பிழைக்க வைத்தது இந்தக் கஞ்சத்தனம்தான் என்பது என் கட்சி.

நாங்கள் ஓட்டியது 2008-இல் வந்த 'நேஷன்ஸ் ஃபாரெவர்'. 65 தடங்கள். ஏ வரிசை குழந்தைக்கும் வரும். கடைசியில் இருக்கும் ஈ வரிசையின் ஐந்தும் ஆளைத் தின்றுவிடும். தடத்தின் பெயரிலேயே அதன் குணம் எழுதியிருக்கும்: ரேஸ், ஸ்பீடு, அக்ரோபேடிக், அப்ஸ்டக்கிள், எண்டியூரன்ஸ். ஏ06-தான் முதல் தடை ஓட்டம். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று பதக்கம் உண்டு. அதற்கும் மேலே, தடத்தைச் செய்தவரே ஓட்டிக் காட்டிய நேரம் நின்று நம்மை முறைக்கும்.

விரலுக்கு வேலை நான்கு அம்புக்குறி விசைகளும் டெலீட்டும். டெலீட் தட்டினால் ஆட்டம் ஆரம்பத்துக்குப் போய்விடும். லோடிங் கிடையாது, 'மீண்டும் விளையாட வேண்டுமா' என்ற கேள்வி கிடையாது. சுவரில் உரசிய எரிச்சல் மண்டைக்கு ஏறுவதற்குள் கார் மறுபடி கோட்டில் நிற்கும். எங்களில் சிலர் முதல் வளைவு சரியாக விழவில்லை என்றாலே டெலீட் அடிப்பார்கள். கீபோர்டில் அந்த ஒரு விசைதான் தேய்ந்துபோயிருக்கும்.

ஆன்லைனில் ஒரே தடத்தில் பலர் ஓடுவார்கள். கார்கள் ஒன்றை ஒன்று ஊடுருவிப் போகும், முட்டிக்கொள்ளாது. தோற்றவன் 'அவன் இடிச்சுட்டான்டா' என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. நேரம் நூறில் ஒரு நொடி வரை பதிவாகும். 0.01-இல் பிந்தியவன் அன்று மெஸ்ஸுக்கே வரமாட்டான்.

இதன் உள்வேலை ஒன்று எனக்குப் பிற்பாடுதான் தெரியவந்தது. ஓடி முடித்ததும் சேமிக்கும் ரீப்ளே கோப்பு வீடியோ அல்ல. எந்தக் கணத்தில் எந்த விசை அழுந்தியது என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது. ஒரே அழுத்தங்களுக்கு ஒரே ஓட்டம்தான் வரும், அதிர்ஷ்டத்துக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் பழைய ஓட்டத்தை மறுபடி நடத்திச் சரிபார்க்க முடிகிறது. 2021-இல் ஆட்டக்காரர்கள் சிலர் இந்தக் கோப்புகளைக் கிளறினார்கள். பல வருஷமாகப் பட்டியலில் உட்கார்ந்திருந்த சாதனைகள் சிலவற்றில், மனிதக் கைக்கு ஆகாத அளவு ஸ்டியரிங் அசைவுகள் நொடிக்கு நொடி நெருங்கிக் கிடந்தன. ஆட்டத்தின் வேகத்தையே மெதுவாக்கி வைத்து, நிதானமாக ஓட்டி, நேரத்தை மட்டும் முழு வேகக் கணக்கில் பதிய வைத்திருக்கிறார்கள். இலவச விளையாட்டில் இத்தனை மெனக்கெட்டா திருடுவார்கள் என்று கேட்கலாம். பரிசுப் பணத்தைவிடப் பட்டியலில் பெயர் பெரிதாகத் தெரிகிற ஆட்கள் எல்லாத் துறையிலும் உண்டு.

நாடியோவை 2009-இல் யுபிசாஃப்ட் வாங்கியது. 2020-இல் புதுப் பதிப்பு வந்து, தினம் ஒரு புதுத் தடம் தருகிறது. தடம் கட்டுபவர்களோ வேறு திக்கில் போய்விட்டார்கள். 'பிரஸ் ஃபார்வர்டு' என்று ஒரு வகை: முன்னோக்கு விசையை அமுக்கிக்கொண்டு சும்மா இருந்தால் போதும், கார் தானே புரண்டு, பறந்து, இறங்கிக் கோட்டைத் தொடும். 'காக்கி' தடங்கள் நேரெதிர். சில நொடிகளே நீளம், ஆனால் கடப்பதற்குள் சாயங்காலமே போய்விடும்.

பழைய ஃபாரெவர் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. இரவு பெண் தூங்கியபிறகு ஆபீஸ் லேப்டாப்பில் ஓட்டுகிறேன். பி வரிசையில் தங்கம் எல்லாம் வந்துவிட்டது. ஈ01, ஈ04 இரண்டும் தடை ஓட்டங்கள், அவற்றில் வெண்கலம் வாங்கவே இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.