வெள்ளத்தில் நனைந்த பேரேடு

2015 டிசம்பர் 1 ராத்திரி பெய்த மழையைச் சைதாப்பேட்டைக்காரங்க மறக்க மாட்டாங்க. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியில் விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட, அடையாறு கரை மீறி ஊருக்குள் வந்தது.

அப்போ நம்ம கூட்டமைப்பு அலுவலகம் தெருமட்டத்துக்குக் கீழே, ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. வாடகை கம்மி. ஆளுயரத் தண்ணீருக்குள் பீரோ, அதற்குள் தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு.

டீசல் இன்ஜின் வைத்து ஒரே நாளில் இறைத்துவிடலாம் என்றார்கள். சித்தாள் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தர்தான் தடுத்தார். "வெளிய மண்ணு ஊறிக் கிடக்கு. உள்ள சட்டுனு காலியானா சுவரு உள்பக்கம் தள்ளிக்கும்." தினம் இரண்டடி வீதம் இறைத்தோம். இன்ஜினை வெளியே தெருவில்தான் வைத்தோம். புகை உள்ளே தங்கினால் ஆளையே கொல்லும். சேறு இறுகுமுன் வாரி, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டோம். சுவர் காய மாதக்கணக்கானது.

பேரேடுகளை நிழலில் வைத்து, பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் செருகி, மாற்றி மாற்றி உலர்த்தினோம். பால்பாயிண்ட் எழுத்து நின்றது, மைப்பேனா எழுத்து கரைந்துவிட்டது. அழிந்த கணக்கை உறுப்பினர்களின் பாஸ்புத்தகம் பார்த்து எழுதினோம். வீடே மூழ்கியும் பாஸ்புத்தகத்தைப் பாலித்தீன் கவரில் சுற்றிக் காப்பாற்றியவங்க எத்தனை பேர்! அதுவும் போனவங்க, குழுக் கூட்டத்தில் எழுந்து தங்கள் கடன் பாக்கியைத் தாங்களே சொன்னாங்க. யாரும் ஒரு தவணைகூடக் குறைத்துச் சொல்லலை.

இப்போ அலுவலகம் முதல் மாடியில். அந்தப் பேரேடு அப்பளம் மாதிரி நெளிந்து இன்னும் பீரோவில்தான் இருக்கு.